வறட்டி தட்டிய பிளேடு

சகலையின் வயலில் ஒரு மேடாவது கிடைக்காதா என்று, ஒரு கோடைக் காலையில் வரப்பில் குப்புறப் படுத்துத் தேடியவன் நான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன், தலை பாதி நரைத்தவன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். ஒரு கன்னத்தை மண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்த வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தேன்.

மேடு இல்லை. பள்ளமும் இல்லை. மட்டம் பார்ப்பதற்காக அவர் போர்வெல் தண்ணீரை விட்டிருந்தார். அது வயல் முழுக்க ஒரே கனத்தில், தட்டில் ஊற்றிய ரசம் போல நின்றது. உள்ளே ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கே நின்றாலும் அதற்கு ஒரே அளவுதான் கால் நனைந்தது.

"என்னண்ணே, எதாவது தொலைச்சிட்டீங்களா?"

தலைக்கு மேல் சகலை நின்றார். கையில் எனக்காகக் கொண்டுவந்த காபித் தூக்கு.

"மூக்குக் கண்ணாடி" என்றேன்.

"போட்டிருக்கீங்களேண்ணே."

அவர் சிரிக்கவில்லை. கை கொடுத்து எழுப்பினார். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். காபியை ஆற்றிக் கொடுத்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். சிரித்திருந்தால் நானும் ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

விரால் தலை

பங்காளியை வெறுக்கலாம், ஊர் ஒத்துக்கொள்ளும். மைத்துனனோடு பேச்சுவார்த்தையை நிறுத்தலாம், அதற்கும் நியாயம் சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் சகலை என்பவர் நம்மைப் போலவே அந்த வீட்டுக்குள் வந்து மாட்டியவர். அவர்மீது பொறாமைப்பட ஒரு முகாந்திரமும் கிடைக்காது. காரணமில்லாமலே பட வேண்டியதுதான்.

என் மனைவி மல்லிகா மூத்தவள். தங்கை ராஜியின் கணவர் குணசேகரன். சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சிவப்பு டிராக்டர் ஒன்று வாங்கி, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் மாமனார் ஊரிலேயே விவசாயத்தில் இறங்கியவர். நான் தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து, வரப்பில் நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு விவசாயம் செய்கிறவன்.

அவர் சிங்கப்பூரில் இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமனார் வீட்டில் விரால் குழம்பு வைத்தால், மீன் தலை என் இலைக்குத்தான் வரும். மூத்த மாப்பிள்ளைக்கு அரசியல் சட்டம் கொடுத்த உரிமை அது. குணசேகரன் திரும்பி வந்த வாரம், அத்தை தலையை அகப்பையில் எடுத்து, என் இலையைத் தாண்டி அவர் இலையில் வைத்தார்.

"வெளிநாட்டுல வாய்க்கு ருசியா சாப்புட்டிருக்க மாட்டாரு, பாவம்" என்றார் அத்தை.

குணசேகரன் அதை அப்படியே எடுத்து என் இலையில் வைத்துவிட்டார். "அண்ணன் சாப்புடட்டும்த்தை." அன்றைக்கு அந்தத் தலையில் நான் கண்ட முள் வேறு எந்த மீனிலும் கண்டதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எனக்குக் கீழே. மாமா இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலம் எழுதிக் கொடுத்தபோது, மேல் வயலை மூத்தவளுக்கும், அதை ஒட்டிய கீழ் வயலை இளையவளுக்கும் கொடுத்தார். வாய்க்கால் தண்ணீர் முதலில் என் வயலுக்கு வரும். என் வயல் நிறைந்த பிறகு, நடு வரப்பிலுள்ள மடையை நான் திறந்துவிட்டால்தான் அவர் வயலுக்குப் போகும். ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் எனக்கு ஒரு போன் வரும். "அண்ணே, மடையத் தொறந்து விடச் சொல்றீங்களா?"

நெல் எனக்கு ஒருநாளும் பெரிதாகக் கட்டுப்படியானதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் விவசாயம் செய்துகொண்டிருந்தேன்.

சுற்றும் விளக்கு

அந்தக் கோடையில்தான் குணசேகரன் லேசர் லெவலரை வாடகைக்குக் கொண்டுவந்தார். வயலின் ஓரத்தில் மூன்று கால் வைத்த ஒரு கருவி நிற்கும். அதன் தலையில் ஒரு விளக்கு சுற்றும். டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் தகடு அந்த ஒளிக்குக் கட்டுப்பட்டுத் தானாக ஏறும், இறங்கும். ஊரே வரப்பில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பட்டாணி விற்கிறவர் சைக்கிளை நிறுத்தி வியாபாரம் பார்த்தார்.

வேலை முடிந்து தண்ணீர் விட்டார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நின்று, பார்த்து, "ம்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் மாமாவின் வழக்கில் "ம்" என்பது பொன்னாடை. நான் முனைவர் பட்டம் வாங்கி வந்து காலில் விழுந்தபோதுகூட, "பஸ்ஸுல எடம் கெடச்சுதா?" என்றுதான் கேட்டார்.

என் வயலின் நடுவில் ஒரு திட்டு உண்டு. தண்ணீர் அதன் மேல் ஏறாது. கோரைதான் ஏறும். ஊர்க் கொக்குகள் மாநாடு நடத்தும் மேடை அது. குணசேகரன் என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"மெஷினு நாளைக்கு வரைக்கும் இங்கதான்ணே நிக்கும். உங்க வயல்லயும் ஒரு ஓட்டு ஓட்டிருவோம்."

"வேணாம் தம்பி. அந்த வெளிச்சம் நம்ம வயலு மண்ணுக்கு ஒத்துக்காது."

இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். மண் எந்த இடத்தில் மாறுகிறது என்று அவர் கேட்கவில்லை. "சரிங்கண்ணே" என்றார். அடுத்த நாள் காலையில்தான் நான் வரப்பில் படுத்தது.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்

காபியைக் குடித்துவிட்டு, தனியாகப் பொருமுவதற்கு இடம் தேடிப் போனேன். மாமா வீட்டில் அதற்கு மோட்டார் கொட்டகையின் பின்பக்கம்தான் தோது. அங்கே சுவரில் சாய்ந்தபடி ஓர் இரும்புத் தகடு கிடந்தது. ஓர் ஆள் நீளத்துக்குமேல் இருக்கும். பிறை போல் உட்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவு முழுக்க அத்தை வறட்டி தட்டியிருந்தார்.

காய்ந்த வறட்டி ஒன்று என் கண்ணெதிரே கழன்று விழுந்தது. அது இருந்த இடத்தில் சதுரத் தலை போல்ட்டுகள் ஒரே வரிசையாகத் தெரிந்தன.

"அத்தை, இது என்னது?"

"அதுவா மாப்ள? வெயிலு பட்டா நல்லா சுடும். ஒரே நாள்ல காஞ்சுரும்."

பதில் சரிதான். ஆனால் என் கேள்வி அது இல்லை. மற்ற வறட்டிகளையும் உரித்து அடுக்கிவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். பின்பக்கம் ஒரு வட்டத் தட்டு, அதன் விளிம்பில் வரிசையாகத் துளைகள். ஒரு துளையிலிருந்து பூட்டும் இரும்பு ஊசியை எடுத்து அடுத்ததில் செருகினால் தகடு சாய்வாகத் திரும்பிக்கொள்ளும் என்பது புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, மேட்டைச் சீவி, மண்ணைத் தள்ளி, வயலை மட்டம் செய்யும் பிளேடு. லேசருக்குத் தாத்தா. முக்கியமாக, குணசேகரனுடையது அல்ல.

மாமா அந்தப் பக்கமாக வந்தார். "இது எதுக்கு மாப்ள?"

"இதுக்கு ஒரு வரலாற்று மதிப்பு இருக்கு மாமா. எடுத்துக்கட்டுமா?"

அவர் பிளேடைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் டீக்கடைக்குப் போனார்.

மைதா மாவு

கல்வெட்டு படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு ரகசியம். எழுத்து தேய்ந்துபோன கல்லின் மீது மைதா மாவைத் தேய்த்துத் துடைத்தால், பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். மாணவர்களை ஒருமுறை திருவிடைமருதூர் கோயிலுக்கு அழைத்துப்போய் இதை விளக்க முயன்றேன். கல்லில் கை வைப்பதற்குள் காவலாளி வந்து எங்கள் எல்லோரையும் மாவோடு சேர்த்து வெளியே அனுப்பினார். அதை விடுங்கள்.

மல்லிகா போளிக்கு வைத்திருந்த மைதாவில் பாதியைப் பிளேடின் மேல் பூசினேன். துரு மேட்டின் நடுவே இரண்டு ஆங்கில எழுத்துகளும், ஓர் எண்ணும், அம்பு போன்ற ஒரு குறியும் தெரிந்தன. அவற்றைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். "அபூர்வமான உழவுக் கருவி. அனேகமாக ஐரோப்பியத் தயாரிப்பு. ஆய்வு தொடர்கிறது."

குணசேகரன் உடனே இரண்டு கைகளைக் கூப்பிய படம் ஒன்றை அனுப்பினார். அவருக்குப் பொறாமை வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். வந்த பசிக்கு அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது.

மல்லிகாவுக்குப் போளி இல்லாமல் போனது மட்டும்தான் வருத்தம்.

சாகுல் பட்டறை

பிளேடைக் குட்டியானை வண்டியில் ஏற்றித் திருத்துறைப்பூண்டியில் சாகுல் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சாகுல் பாய் எதையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடுவார். பிறகு நிதானமாக மாற்றிக்கொள்வார்.

"இது ரோடு ரோலருக்கு முன்னாடி மாட்டறது சார்."

"இல்ல பாய், டிராக்டர் பிளேடு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டினார். "இது எழுத்தில்ல சார். வெல்டிங் புள்ளி. எவனோ ராடு எரியுதான்னு தட்டிப் பாத்திருக்கான்." பின்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது பழைய பெயின்ட்டில் தமிழ் எழுத்துகள் மேலெழுந்தன. முன்பாதி அழிந்துவிட்டது. மிஞ்சியது "...புரம்." ஐரோப்பாவில் புரம் என்று முடிகிற ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. குழுவில் இந்தத் தகவலை நான் வெளியிடவில்லை.

மரைகள் துருவோடு துருவாக ஒட்டிக்கிடந்தன. டீசலில் ஊறப் போட்டார்கள். அசையவில்லை. கேஸ் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினார்கள். ஒன்று முனகியபடி திரும்பியது. அந்தக் காலத்து இஞ்ச் அளவு என்பதால் ஒரு ஸ்பானர் வழுக்கிச் சுற்றும், அடுத்தது உள்ளேயே நுழையாது. பிளேடின் அடியில் மண்ணைச் சீவும் பட்டை, தீட்டித் தீட்டித் தேய்ந்த அரிவாள் போல இருந்தது. தூக்கிப் போட வேண்டியதுதான் என்று கழற்றிப் பார்த்தால், அதன் மேல் விளிம்பு கன்னி கழியாமல் புத்தம் புதிதாக இருந்தது. தலைகீழாகத் திருப்பி மாட்டினார்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் மறு பக்கத்தைத் திருப்பிக்கொள்கிற இந்த வசதியைக் கடவுள் ஆசிரியர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

டிராக்டரின் மேல் கம்பியை மாட்டுவதற்கான முக்கோணச் சட்டம் காணாமல் போயிருந்தது. புதிதாகச் செய்தார்கள். டிராக்டரின் கைகளில் நுழையும் பக்கவாட்டு ஊசிகள் இன்றைய டிராக்டருக்கு மெலிந்தவை. புஷ் என்கிற இரும்பு உறை போட்டுப் பருமனாக்கினார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து உலரவைத்தார்கள்.

"மேல என்ன கலர் சார் அடிக்கட்டும்?"

"செவப்பு மட்டும் வேணாம்."

நீலம் அடித்தார்கள். சனிக்கிழமைதோறும் பட்டறையில் போய் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இவ்வளவு நேரம் பாக்கல" என்றாள் மல்லிகா.

எல்லோரும் திருக்கடையூர் போன நாள்

மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்துவிட்டது. தண்ணீர் வருவதற்குள் என் வயல் மட்டமாக வேண்டும். யார் தயவும் இல்லாமல் ஆக வேண்டும். குணசேகரனிடம் போய், "தம்பி, உங்க டிராக்டரைக் கொஞ்சம்..." என்று தொடங்குகிற வாக்கியம் என் வாயிலிருந்து வரக்கூடாது.

உறவினர் ஒருவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வந்தது. மாமா, அத்தை, மல்லிகா, ராஜி, குணசேகரன் எல்லோரும் ஒரே வேனில் போனார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று தங்கிவிட்டேன். "அண்ணனுக்கு ஓமத் தண்ணி வச்சுக் குடுத்துட்டு வா" என்று குணசேகரன் ராஜியிடம் சொன்னது காதில் விழுந்தது. வயிறு நிஜமாகவே எரிந்தது.

வேன் தெருமுனையைத் தாண்டி மறைந்ததும் பக்கத்து ஊர் பன்னீர் டிராக்டரோடு வந்தார். பிளேடை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். வண்டி திட்டின்மேல் ஏறியது. பிளேடு காய்ந்த மண்ணைக் கடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்குவது போல. கோரைக் கிழங்கின் வாசனை கிளம்பியது. பிளேடின் வளைவுக்குள் மண் சுருண்டு சுருண்டு புரண்டது. கொக்குகளின் மாநாட்டு மேடை மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருந்த இடம் தெரியவில்லை.

"போதும்ல சார்?" என்றார் பன்னீர்.

போதும்தான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் மேட்டைச் சீவிய இடம் வழவழப்பாகவும் மற்ற இடம் சொரசொரப்பாகவும் தெரிந்தது. கீழ் வயலோ மொசைக் தரை போல இருந்தது.

"இன்னும் ஒரு இழுப்பு இழுங்க."

"சீவுற மண்ண எங்க சார் தள்றது?"

அதற்கும் என்னிடம் திட்டம் இருந்தது. மாமா வீட்டுக்கு வரும் பாதை பள்ளம். குணசேகரனின் ஜீப் அதில் வாசல்வரை வரும். என் சிறிய கார் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். "பாதையில தள்ளுங்க." பக்க வரப்பை வெட்டி வழி செய்தோம். பன்னீர் ஒவ்வோர் இழுப்புக்கும் "போதுமா?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் கீழ் வயலைப் பார்த்துவிட்டு "இன்னும்" என்றேன். வெயில் சாயும்போது என் வயல் கரும்பலகை போல இருந்தது. என் கார் முதன்முறையாக வாசலில் வந்து நின்றது.

திரும்பி வந்தவர்கள் வேனிலிருந்து இறங்கிப் பார்த்தார்கள். மாமா வயல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ம்" வரவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

துரும்பு

தண்ணீர் வந்தது. தலைமடையைத் திறந்தேன். நுரையும் சருகுமாக வாய்க்கால் என் வயலுக்குள் இறங்கியது. வயல் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நிறைந்தது. ஓர் இடத்திலும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒரே மட்டம்.

நடு வரப்புக்கு அப்பால் குணசேகரன் மண்வெட்டியோடு காத்திருந்தார். அவர் வயலில் ஏற்கெனவே கொஞ்சம் போர் தண்ணீர் நின்றது.

"அண்ணே, மடையத் தொறந்து விடுறீங்களா?"

என் வாக்கியம். கம்பீரமாக நடந்துபோய் மடையைத் திறந்தேன்.

தண்ணீர் போகவில்லை. மடை வாயில் ஒரு வைக்கோல் துரும்பு மிதந்தது. அது சற்று நேரம் யோசித்தது. பிறகு அவர் வயலிலிருந்து என் வயலுக்குள் மெல்ல வந்தது. அதன் பின்னாலேயே அவர் வயல் தண்ணீரும் சலசலவென்று வந்தது.

என் வயல் அவர் வயலைவிட ஒரு சாண் கீழே போயிருந்தது. மாமா எழுதிக் கொடுத்த மேல் வயலை, நானே இரும்பு தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, பழம் நசுக்கிக் கீழ் வயலாக்கியிருந்தேன். மேல் வயல் முழுவதும் பாதையில் கிடந்தது. அதன்மேல் என் கார் நின்றது.

குணசேகரன் துரும்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவசரமாக இரண்டு வெட்டு மண் வைத்து மடையை அடைத்தார்.

"அதனால என்னண்ணே. நான் வாய்க்கால்லேர்ந்து தனியா ஒரு வாய் வெட்டிக்கிறேன். மழ பேஞ்சா மட்டும் என் தண்ணி உங்களுக்கு வடியும். அப்ப ஒரு போன் அடிங்க, அடைச்சு வைக்கிறேன்."

இப்போது போன் போடுவது நான். "தம்பி, மடையக் கொஞ்சம் அடைச்சு வைக்கிறீங்களா?" ஒருநாளும் அவர் மறந்ததில்லை. மறந்தால் நன்றாக இருக்கும்.

அந்தப் பட்டத்தில் என் நாற்று மஞ்சள் காமாலை வந்தது போல நின்றது. சத்துள்ள மேல் மண்ணெல்லாம் பாதைக்குப் போய்விட்டதால், பாதையோரத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அத்தையின் மாடு நன்றாகக் கறந்தது.

அறுப்பு முடிந்த பிறகு ஒருநாள் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மல்லிகாவுக்குத் தாங்கவில்லை. "ஏம்ப்பா, அந்த பிளேடு வயலுக்குள்ள எறங்குனா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தானே அத வாங்குனேன். நம்ம மேற்கு வயல்ல ஒரு தரம் இழுத்தேன். மண்ணு போறதப் பாத்ததும் கழட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப இவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வரலாற்று மதிப்புன்னாரு. காலேஜுல காட்சிக்கு வைப்பாருன்னு நெனச்சேன்." மாமா மோர் சாதத்தைப் பிசைந்தபடி என் பக்கம் திரும்பினார். "நான் கால் வயல்லயே நிறுத்திட்டேன் மாப்ள. நீங்க படிச்சவங்க. முழுசா முடிச்சிட்டீங்க."